மாப்புக் கொடுக்காத ராத்தா

ராத்தா யாருக்கும் சும்மா மாப்புக் கொடுத்ததை நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பு என்றால் மன்னிப்பு. ஹஜ்ஜுக்குப் போகிறவர், கட்டாருக்கு வேலைக்குப் போகிறவர், ஒப்பரேஷனுக்குப் போகிறவர் எல்லாரும் வீடு வீடாக ஏறி, "ஏதும் பிழை விட்டிருந்தா மாப்புச் செஞ்சிடுங்க" என்பார்கள். வீட்டுக்காரரும் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே, "அதெல்லாம் ஒண்டுமில்ல, அல்லாஹ்வுக்காக மாப்பு" என்பார்கள். வாய் மூடுவதற்குள் முடிகிற காரியம். ராத்தாவிடம் மட்டும் அது முடியாது. "எந்தப் பிழைக்கு?" என்று கேட்பாள். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். பிழையை வாயால் சொன்னால்தான் மாப்பு. சொல்லாதவருக்குத் தேத்தண்ணீர் மட்டும் கிடைக்கும்.

அவள் என் பெரியம்மாவின் மகள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் ராத்தா. பெரியம்மாவின் வீடு கல்முனைக்குடியில், கடலுக்குப் போகிற ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. நாங்கள் கடலைவிட்டுத் தள்ளி உள்ளே, சம்மாந்துறையில். ஒல்லியான உடம்பு அவளுக்கு. அந்த உடம்புக்குப் பொருந்தாத கனத்த குரல். தையல் வேலை செய்வாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அவற்றின் இடையாலேயே கதைப்பாள். அவள் சொன்ன கடுமையான சொற்களில் முக்கால்வாசி அப்படி ஊசிக்கு இடையால் வந்தவைதான்.

அவள் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு டீச்சர், உலகப் படத்தைக் கிழித்தாய் என்று சொல்லி வகுப்புக்கு முன்னால் அடித்திருக்கிறார். கிழித்தது வேறொருத்தி. வருடங்கள் கழித்து அதே டீச்சர் மகளின் கல்யாணச் சட்டை தைக்க ராத்தாவைத் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். ராத்தா அளவெல்லாம் எடுத்தாள். துணியை மடித்து மடியில் வைத்தாள். பிறகு ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "டீச்சர், அந்தப் படத்த நான் கிழிக்கல்ல" என்றாள். டீச்சருக்கு எந்தப் படம் என்றே விளங்கவில்லை. ராத்தா வகுப்பைச் சொன்னாள், கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியைச் சொன்னாள், அடித்த பிரம்பின் நிறத்தையும் சொன்னாள். கடைசியில் அந்த மனுஷி, வந்திருந்த பெண்களுக்கு முன்னால், "நீ கிழிக்கல்ல புள்ள, எனக்கு இப்ப விளங்குது" என்றார். அதற்குப் பிறகு தைத்த சட்டையை அந்த வருடத்துக் கல்யாண வீடுகளில் எல்லாம் புகழ்ந்தார்கள்.

விஷம் பிடித்தவள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அவளைப் பிடித்ததே இதற்காகத்தான். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் மென்று விழுங்குகிறவர்கள். விழுங்கி விழுங்கி வயிற்றுவலிக்கு மருந்து குடிப்பவர்கள். துப்பத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

மாமாவின் மகன் எங்கள் இரண்டு பேருக்கும் மச்சான். அவன் ராத்தாவைக் கலியாணம் கேட்டான். மச்சான் என்றால் உரிமைக்காரன், கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டான். ராத்தா மாட்டேன் என்றாள். ஏன் என்று பெரியம்மா கேட்டதற்கு, சின்ன வயதில் அவன் தன்னுடைய கோழிக்குஞ்சை மிதித்துவிட்டுச் சிரித்தான் என்றாள். குஞ்சு செத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் பொத்துவிலில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். புதிதாக வந்தவரைக் குடும்பத்து ஆண்கள் கொஞ்ச நாள் சீண்டிப் பார்ப்பதும் வழக்கம். பொத்துவிலார் சாது. சீண்டினால் சிரிப்பார்.

அவர் அறுகம்பை ஹோட்டலில் வேலை செய்தபோது, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரன் ஒருவன் தன் விளையாட்டுப் பெட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கைக்குள் அடங்குகிற பெட்டி. அதற்குள் காடும் குகையும் கடலும் இருக்கும். அங்கே ஒளிந்திருக்கிற விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்க வேண்டும். ஆறு பிராணிகள் ஒரு அணி. இரண்டு பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் இரண்டு அணிகளும் மோதும். கல்முனைப் பொடியன்கள் அந்தப் பிராணிகளை ஜின் என்றார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பெட்டிகள் அப்போது ஊரில் பல இருந்தன. என் காக்கா, அதாவது அண்ணன், கட்டாரில் இருந்து எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார். கடற்கரையில் மீனவர் போட்ட வாடியில், வலைகளுக்கு நடுவில், இளந்தாரிகள் இதற்கென்றே கூடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு சட்டம். தோற்றவன் தன்னிடம் உள்ள நல்ல ஜின் ஒன்றைக் கேபிள் வழியாக வென்றவனுக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை வாங்கியாக வேண்டும் என்பது பெட்டியின் விதி. ஆகவே வென்றவன் பதிலுக்கு ஒரு புழுவை அனுப்புவான். அந்தப் புழுதான் அவமானம்.

பிடித்த ஜின்னுக்கு நாமே பெயர் வைக்கலாம். பொத்துவிலார் ஒரு சின்னப் பறவை ஜின்னுக்கு ராத்தாவின் செல்லப் பெயரை வைத்தார். வீட்டுக்குள் அவர் மட்டும் கூப்பிட்ட பெயர். அதை இங்கே எழுதினால் ராத்தா என்னையும் சும்மா விடமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மச்சான் அவரை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோற்கடித்தான். எந்த ஜின் வேண்டும் என்று கேட்டபோது பறவையைக் கேட்டான். அது அவனுடைய பெட்டிக்கு வந்ததும், திரையில் இருந்த பெயரை எல்லாருக்கும் காட்டி, "பாத்தீங்களா, கடைசியில என்ட கைக்குத்தான் வந்து சேந்த" என்றானாம். வாடியே சிரித்ததாம். பொத்துவிலாரும் வழக்கம்போலச் சிரித்திருக்கிறார். பிறகு மச்சானே, "ஞாயித்துக்கிழமை காலையில வா, வெண்டா திருப்பி எடுத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறான்.

சனிக்கிழமை ராத்தா எங்கள் வீட்டுக்கு, சம்மாந்துறைக்கு, வந்தாள். அவரும் கூட வருவதாகத்தான் இருந்தது. "ஒரு வேல இரிக்கி. நாளைக்குப் பகல் சோத்துக்கு வந்திர்றன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. பகலில் உம்மா ஆக்கிய சோறு சட்டியிலேயே கிடந்தது. அவருடைய ஜனாஸா கிடைத்தது, அடக்கம் செய்தோம். பெட்டி கிடைக்கவில்லை. பெரியம்மாவும் போனார், அந்த வீடும் போனது.

எங்கள் வீட்டு நடு அறையில்தான் ராத்தா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், மணம் முடிக்கக்கூடிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வாசலுக்கு உம்மா ஒரு நீலத் திரை போட்டார். திரைக்கு இந்தப் பக்கம் ராத்தாவும், பெண் என்பதால் நானும். அந்தப் பக்கம் வருகிறவர்கள், அழுகிறவர்கள், போகிறவர்கள்.

மச்சானும் வந்தான். அவனுடைய வீடு பெரிய ரோட்டுக்கு அப்பால், தண்ணீர் எட்டாத இடம். திரைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கனநேரம் அழுதான். பிறகு, "மச்சி, எனக்கு மாப்புச் செஞ்சிடு" என்றான்.

"எந்தப் பிழைக்கு?"

அவன் மறைக்கவில்லை. அதை மட்டும் அவனுக்காகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நடந்தது, தான் சொல்லிச் சிரித்தது, ஞாயிறு வரச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். நாங்கள் அதையெல்லாம் அறிந்ததே அப்போதுதான். ராத்தா கையில் இருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தாள்.

"வரச் சொல்லிட்டு நீ ஏன் போகல்ல?"

அதுவரை அவள் மச்சானை நீங்கள் என்றுதான் கூப்பிட்டு வந்தவள். அந்தக் கேள்வியோடு அது நீயாகிவிட்டது. கடைசிவரை திரும்பவில்லை.

"நித்திரையாப் பெய்த்தன் மச்சி."

வெளியில் உம்மா விம்முவது கேட்டது. மச்சான் பையில் இருந்து பெட்டியை எடுத்துத் திரைக்கு அடியால் தள்ளினான். "அந்த ஜின் இதுக்குள்ளதான் இரிக்கி. உனக்குத்தான். எடு."

ராத்தா அதைத் தொடவில்லை. காலால் திருப்பித் தள்ளினாள். "சும்மா தாறத நான் வாங்கமாட்டன். அவரத் தோக்கடிச்சித்தானே எடுத்த. தோத்துத் தா. நான் கேக்கயில வந்து விளையாடு. நான் வெண்டா அது எனக்கு. நீ வெண்டா உனக்கு மாப்பு."

மச்சான் கட்டாருக்குப் போக விசாவோடு காத்திருந்தவன். ஊரைவிட்டுப் போகிறவனுக்கு மாப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மனுஷனுக்குச் செய்த பிழையை அந்த மனுஷன் மாப்புச் செய்யாமல் அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான் என்று சின்ன வயதிலிருந்தே ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். ராத்தாவுக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதைப் பந்தயம் வைத்தாள்.

ஆனால் அவள் அதற்கு முன் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்ததுகூட இல்லை.

என் பெட்டியில் தொடங்கினாள். காக்காவின் பழைய பெட்டியை நான் எடுத்துக்கொண்டு அவளோடு மோதினேன். எல்லாப் புதியவர்களும் செய்வதையே முதலில் அவளும் செய்தாள். பார்க்கப் பயங்கரமான ஆறு ஜின்களைச் சேர்த்தாள். ஆறும் நெருப்பு ஜின். நான் ஒரேயொரு தண்ணீர் ஜின்னை இறக்கி ஆறையும் அணைத்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"எந்த இடத்தில தோத்தன்?" என்று கேட்டாள்.

"இந்தா, இந்தக் கடைசி அடியில."

"கடைசி அடியில ஆரும் தோக்கிறல்ல. அதுக்கு முந்தியே தோத்திருப்பன். அந்த இடத்தச் சொல்லு."

ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்ப் பார்த்தோம். சண்டை தொடங்குவதற்கு முன்பே, ஆறையும் தெரிவு செய்த இடத்திலேயே தோற்றிருந்தாள். "ஆறு மருமகளும் சோறாக்கத் தெரிஞ்சவளா இருந்தா வீட்டக் கூட்டுறது ஆரு" என்று சொல்லி அணியைக் கலைத்தாள். அடி தாங்குகிற ஒன்று, அடிக்கிற ஒன்று, நோயைச் சுகமாக்குகிற ஒன்று, ஒன்றுக்கு ஆகாததை மற்றது தாங்கும்படி ஒன்று என்று சேர்த்தாள். அழகானவற்றை எல்லாம் விட்டுவிட்டாள். எனக்கு மனதே இல்லை.

அடி வாங்குகிற ஜின்னை உள்ளே இழுத்துவிட்டு வேறொன்றை வெளியே விடலாம். புதிதாக விளையாடுகிறவர்கள் இதைச் செய்யவே மாட்டார்கள். விட்டதைச் சாகும்வரை அடிபட விடுவார்கள். ராத்தாவும் அப்படித்தான், ரோஷக்காரி. கனதரம் தோற்ற பிறகு ஒருநாள் தானாகச் சொன்னாள்: "பின்வாங்கிறது ஓடுறதில்ல கா. வாற அடி ஆருக்கு நோகாதோ அவன முன்னுக்கு விடுற. அவ்வளவுதான்." அன்றிலிருந்து அவளை வெல்வது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

பெரிய அடிகள் அடிக்கடி தவறும், சின்ன அடிகள் எப்போதும் படும். என் பெரிய அடி தவறினால் நான் என் நசீபை, என் தலையெழுத்தைத் திட்டுவேன். அவள் ஊசி இல்லாத நேரத்திலும் ஊசி கவ்விய வாயோடு, "தவறும் எண்டு தெரிஞ்சிதானே அடிச்ச. மறுகா என்னத்துக்குப் பிலாக்கணம்?" என்பாள். அவளுடைய ஜின்களுக்குப் பெரிய அடியே கிடையாது. பிடித்த ஒன்றை மட்டும் மலையாக வளர்த்துவிட்டு மற்றவற்றைப் பட்டினி போடுகிற என் பழக்கத்தையும் திட்டினாள். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒன்றைவிட்டு ஒன்றாக வளர்த்தாள்.

அக்கம்பக்கத்தில் கதை கிளம்பியது. இத்தாவில் இருக்கிற புள்ள குர்ஆன் ஓதாமல் ஜின்னோடு விளையாடுகிறாள் என்றார்கள். உண்மையில் அவள் ஓதுவதையும் விடவில்லை. ஓதி முடித்து, முத்தமிட்டு, மூடி வைத்துவிட்டுப் பெட்டியை எடுப்பாள். உம்மா ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். "அழச் சொன்னா அழுறன் சாச்சி. அழுது முடிஞ்சா என்ன செய்யிற?" என்றாள்.  அதன் பிறகு பற்றரி முடிந்தால் உம்மாவே கடைக்கு ஆள் அனுப்பினார்.

எனக்கு அவளைப் பார்த்துப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். ஜின்களைப் படித்து முடித்துவிட்டு மச்சானைப் படிக்கத் தொடங்கினாள். அவன் கரம் போர்ட் விளையாடினால் முதலில் எதைக் குறிவைப்பான்? சிவப்பை என்றேன். சைக்கிளில் போனால் பின்னால் பார்ப்பானா? பார்க்கமாட்டான். சுடுசோற்றை ஆறவிட்டுத் தின்பானா? நாக்கு வெந்தாலும் தின்பான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். "பொறுக்கத் தெரியாதவன்" என்றாள். அடுத்த நாள் அணியில் ஒரு தவளை ஜின் சேர்ந்தது. பார்க்க அசிங்கமானது. அது அடிக்காது. எதிரியின் உடம்பில் நஞ்சை ஏற்றிவிட்டு மறைந்துகொள்ளும். நஞ்சு ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். முதல் தரம் அதை என்மேல் சோதித்துப் பார்த்தாள். என் மலைபோன்ற ஜின் நின்ற நிலையிலேயே வாடி விழுந்தது. பொத்துவிலார் போன பிறகு ராத்தா சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இத்தா முடிய முன்பே மச்சானின் பயணத் தேதி வந்துவிட்டது. ராத்தா வரச் சொல்லி அனுப்பினாள்.

அவன் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கேபிள் திரைக்கு அடியால் போனது. கேபிளின் நீளம் குறைவு என்பதால் இரண்டு பேரும் திரையை ஒட்டி இருக்க வேண்டியிருந்தது. நான் ராத்தாவின் தோளுக்குப் பின்னால் இருந்தேன். மாமாவும் வாப்பாவும் கதிரை போட்டு இருந்தார்கள். மாப்பைக் கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள், விளையாட்டு ஒரு சாட்டு என்று எல்லாரும் நினைத்தார்கள். மச்சானும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

நெருப்புச் சிங்கத்தை முதலில் விட்டான். அதைத்தான் விடுவான் என்று ராத்தா சொல்லியிருந்தாள். ராத்தா கல் ஆமை ஜின்னை விட்டாள். சிங்கத்தின் அடி அதற்கு நோகவில்லை. அவன் திரும்பத் திரும்ப அடித்தான். அவன் பெரிய அடி அடிக்கப்போகிற நேரம் பார்த்து ஆமையை இழுத்துத் தவளையை விட்டாள். அடி தவறியது. தவளை நஞ்சை ஏற்றியது. சிங்கத்தை உள்ளே இழுத்திருந்தால் தப்பியிருக்கும். அவன் இழுக்கவில்லை. இரண்டாவதையும் அப்படியே விட்டான், மூன்றாவதையும் விட்டான்.

"இது என்ன விளையாட்டு மச்சி? அடிக்கிறாயே இல்லயே."

"நீ அடி. நான் இரிக்கன்."

நஞ்சு ஏற ஏற அவனுக்குப் பொறுமை போய்விட்டது. பட்டன்களைக் குத்துகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. ராத்தாவின் விரல் மட்டும் சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல ஆறுதலாக நகர்ந்தது. அவனுடைய கடைசி ஜின்னும் விழுந்தது. பிறகு கேபிள் வழியாகப் பறவை வந்தது. பெட்டியின் திரையில் அவளுடைய செல்லப் பெயர். அதற்குக் கீழே, முதலில் பிடித்தவர் என்ற இடத்தில் பொத்துவிலாரின் பெயர். படம், உடுப்பு, வீடு எல்லாம் கடலோடு போன பிறகு, அவர் தன் கையால் எழுதியதாக மிஞ்சியது அது மட்டும்தான். ராத்தா அதை விரலால் தடவினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

பதிலுக்கு அவள் ஒரு புழுவை அனுப்பினாள். புழுவுக்கு நித்திரை என்று பெயர் வைத்திருந்தாள்.

"மச்சி, இப்ப மாப்புச் செஞ்சிடு. நாளைக்குப் பிளேன்."

"நீ வெல்லல்லயே."

மாமா எழும்பி நின்று ஏசினார். பயணம் போகிற புள்ளைக்கு ஏதும் ஆனால் என்ன செய்வாய் என்றார். ராத்தா திரைக்குள் இருந்தபடியே, "ஒண்டும் ஆகாது மாமா. நித்திரை கொண்டே தப்பினவர்" என்றாள். மாமா அதன் பிறகு பல வருடம் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மச்சான் மாப்பில்லாமல் கட்டாருக்குப் போனான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று உம்மா உருகினார். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிருந்தது. சிரித்தவன் அழ வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இத்தா முடிந்து ராத்தா கல்முனைக்கே போனாள். சுனாமி வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது, தையல் தொடர்ந்தது. ஒருநாள் மருதமுனையில் ஒரு வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனோம். அந்த வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. ராத்தா ஒன்றும் கேட்காமல் அதில் உட்கார்ந்தாள். கையில் இருந்த துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும், என்ன?" என்றாள். வீட்டுக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. கடல் வந்து போன பிறகு ஆட்கள் பொறுக்கிய சாமான்களில் ஒன்றுதான் அது. ராத்தாவின் மெஷின். அந்தப் பெண் அழுது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ராத்தா எடுக்கவில்லை. "வச்சிக்கோ. தைக்கயெல்லாம் என்ன நினைச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரி பிறகு அதில் தைக்கவே இல்லையாம்.

யுத்தம் முடிந்தது என்று அரசாங்கம் சொன்ன வருடம், எங்கு போனாலும் பழையதை மறப்போம் என்ற பேச்சாகவே இருந்தது. றேடியோவில் சொன்னார்கள், கூட்டங்களில் சொன்னார்கள். ராத்தா தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "செத்தவனுக்கிட்டக் கேட்டாங்களாமா?" என்றாள். அந்த வருடம்தான் மச்சான் லீவில் வந்தான். கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. நிக்காஹ்வுக்கு முன் மாப்பு வாங்கியே ஆக வேண்டும் என்று மாமி அழுதாராம். அவன் ராத்தாவின் வீட்டுக்குத் தன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தான். உம்மாவும் நானும் துணைக்கு இருந்தோம். இப்போது திரை இல்லை. ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மேசையின் இந்தப் பக்கம் இருந்தாள்.

அவன் மாறியிருந்தான். தலையில் முடி குறைந்திருந்தது. விளையாட்டும் மாறியிருந்தது. கட்டாரில் வேலை முடிந்த பின் இதையே பழகியிருக்கிறான் என்று பார்த்ததும் விளங்கியது. இப்போது சிங்கத்தை முதலில் விடவில்லை. நஞ்சு ஏறியதை உள்ளே இழுத்துச் சுகமாக்கினான். பொறுத்தான். தோற்றவன் எந்த இடத்தில் தோற்றான் என்று இவ்வளவு காலமும் தேடிக் கண்டுபிடித்திருந்தான். நல்ல ஆட்டம். ராத்தாவின் தவளை விழுந்தது, ஆமை விழுந்தது. இரண்டு பேரிடமும் ஒவ்வொன்றுதான் மிச்சம். அவனிடம் ஒரு பெரிய யானை ஜின். ராத்தா தன் கடைசியை விட்டாள்.

பறவை. ஒரு நாளும் வளர்க்காமல், பொத்துவிலார் விட்ட அதே அளவில் வைத்திருந்தாள். யானையின் எந்த அடிக்கும் அது நிற்காது. மச்சானின் திரையில் ராத்தாவின் செல்லப் பெயர் எழுந்தது.

அவன் தலையை நிமிர்த்தினான். "இத ஏன் மச்சி இதுக்குள்ள போட்ட?"

"ஆறு பேர் வேணுமே."

"வேற எதயும் போட்டிருக்கலாமே."

"அடி. மாப்பு வேணும்தானே உனக்கு."

பட்டனில் அவனுடைய பெருவிரல் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. வென்றால் மாப்பு, நிக்காஹ், மாமியின் கண்ணீருக்கு முடிவு. உம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். ராத்தா அவனுடைய விரலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் விரலை எடுத்தான். கேபிளைப் பிடித்து இழுத்தான். இரண்டு திரைகளும் இருண்டன.

"என்னால ஏலா மச்சி. அந்தப் பேரப் பாத்து ஒருதரம் சிரிச்சது போதும்" என்றான்.

இந்த இடத்தில் அவள் இளகுவாள் என்று உம்மா நினைத்தார். நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இளகிவிடுவாளோ என்று பயந்தேன்.

"கழட்டினவர் தோத்தவர்" என்றாள் ராத்தா.

மச்சான் பெட்டியை எடுக்காமலே எழும்பிப் போனான். உம்மா அழுதுகொண்டே அவன் பின்னால் ஓடினார். ராத்தா கேபிளைச் சுற்றி ஒரு பக்கம் வைத்தாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் எடுத்துப் போட்டாள்.  எனக்குப் பாதி சந்தோஷம். அது இன்றும் எனக்குள் இருக்கிறது, நான் மறைக்கப்போவதில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் அடிச்சி வெண்டிருந்தா மாப்புச் செஞ்சிருப்பியா ராத்தா?"

ராத்தா குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதட்டில் கவ்வினாள்.

"என்ட பேர அடிச்சவனுக்கு எப்படி கா மாப்புச் செய்யிற?" என்றாள்.